தோளில் ஒரு விரிசல்

சடக்!

பெவிலியன் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில், கிழிந்த கையுறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்த பசை, அணியின் மட்டைகளையும் கையுறைகளையும் ஒட்டித் தைத்துக் கொடுப்பவன், நிமிர்ந்து உட்கார்ந்தான். பந்து மட்டையில் படும் சத்தங்கள் அவனுக்கு மனப்பாடம். 'டொக்' என்றால் நடு மட்டை. 'டிக்' என்றால் ஓரம். இது இரண்டிலும் சேராது. உள்ளே மரம் விட்டுப்போன சத்தம்.

ஊசியைக் கையுறையிலேயே குத்தி வைத்துவிட்டு வெளியே ஓடினான்.

பந்து ஸ்லிப்பில் நின்றவன் கையில் இருந்தது. எதிரணிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கட்டை மட்டும் அசையாமல் நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றி, மட்டையைக் காதோரம் பிடித்து விரலால் தட்டிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தான்.

கட்டை என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கம்பி மில் கிரிக்கெட் அணி வைத்த பெயர். அடிக்க மாட்டான், அவுட்டும் ஆக மாட்டான். காலையில் முதல் ஆளாக இறங்கினால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கட்டை போட்டுக்கொண்டே நிற்பான். "இவனுக்குப் பந்து போடறதுக்குப் பதிலா நான் போய் எங்க வீட்டுச் சுவத்துல எறியறேன்யா. அதுவாவது எப்பவாவது இடியும்" என்று ஒரு பௌலர் நடு மைதானத்தில் புலம்பியிருக்கிறான். அப்படிப்பட்டவன் இந்த சீஸனில் வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் திரும்பிக்கொண்டிருந்தான். இப்போது மட்டையும் போயிற்று.

பசைக்குக் கட்டை வெறும் ஆட்டக்காரன் இல்லை. தங்கச்சி புருஷன்.

அவனை முந்திக்கொண்டு செக்ரட்டரி படியிறங்கி வந்தார். மில்லில் பர்சனல் ஆபீசர், கிளப்புக்கு செக்ரட்டரி. வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கட்டையின் கையிலிருந்து மட்டையை வாங்கி, மீன் வாங்குகிறவர் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"யோவ் பசை, என்னய்யா இது?"

"தோள்ல விட்டிருக்கு சார். பந்து எகிறி மேல பட்டிருக்கு."

மட்டையின் அகலப் பகுதி தொடங்கும் இடத்தில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது.

"மாட்டிடலாமா?" என்றார் செக்ரட்டரி. கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை.

கிளப் அறையின் சுவரில் வரிசையாக ஆணிகள் உண்டு. ஆட்டக்காரன் ஒருவனின் மட்டை செத்துப்போனால் அதைத் துடைத்து, பெயர் எழுதி, அங்கே மாட்டுவார்கள். எல்லோருக்கும் டீ, பிஸ்கட். செக்ரட்டரி இரண்டு வார்த்தை பேசுவார். கைதட்டுவார்கள். மறுநாள் காலை அந்த ஆட்டக்காரன், அணிக்கு எடுக்கப்படுவதற்கு முன்னால் எந்த டிபார்ட்மெண்டில் இருந்தானோ அங்கே திரும்பிப் போயிருப்பான். யாரையும் பார்த்து 'உன்னால் முடியவில்லை, போ' என்று சொல்லும் சங்கடம் செக்ரட்டரிக்கு வந்ததே இல்லை. வயதான ஆட்டக்காரனுக்குக் கம்பெனி புது மட்டை வாங்கித் தராது. இரவல் மட்டையில் இறங்குவதற்கும் விடாது; அது கம்பெனிக்கு அசிங்கமாம். மட்டை போனால் ஆளும் போனான். அவ்வளவுதான் கணக்கு.

கட்டையை அணிக்கு எடுத்தது ஆசிட் ஷெட்டிலிருந்து.

கம்பிச் சுருள்களைத் துரு போக ஆசிட் தொட்டியில் முக்கி எடுக்கும் இடம் அது. அங்கே இருந்தவனைக் கண்டுபிடிக்க அடையாள அட்டை வேண்டாம். சிரிக்கச் சொன்னால் போதும். ஆசிட் ஆவி முன்பற்களைப் பாதிக்குப் பாதி கரைத்திருக்கும். சட்டை சல்லடையாக இருக்கும். கிரிக்கெட்டைக் காட்டித்தான் கட்டை அங்கிருந்து தப்பித்து ஸ்டோருக்கு வந்தான். நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை. பல் போனது போனதுதான். வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டான். இருமலும் கூடவே வந்துவிட்டது. ஆனால் அதற்கு மேல் எதுவும் கெடவில்லை என்று வீட்டில் நிம்மதியாக இருந்தார்கள்.

போன சீஸனில் மட்டை மாட்டிய மீசை என்ற ஆட்டக்காரன் அதே ஷெட்டுக்குத்தான் திரும்பிப் போனான். இன்றைக்கு அவனிடம் மீசை மட்டும்தான் பழையபடி இருக்கிறது.

"சார், உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பிரிச்சுப் பாக்காம சொல்லக் கூடாது" என்றான் பசை. "மேலாப்பல இருந்தா ஒட்டிடலாம். புதுசு மாதிரி பண்ணித் தரேன்."

"இதோட எத்தனையாவது ஒட்டு? மட்டையில மரம் அதிகமா, உன் பசை அதிகமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டை சிரிக்கவில்லை.

"மாட்டிடு மச்சான்" என்றான். "போதும்."

பசை அவனை ஒரு முறை முறைத்தான். "நீ சும்மா இருய்யா. பேட்டைப் பத்திப் பேசறது நானும் சாரும்."

செக்ரட்டரி மட்டையை அவன் கையில் திணித்தார். "சரி. ஞாயித்துக்கிழமை ஃபைனல். வெள்ளிக்கிழமை நெட்ல கேப்டன் இதால அடிச்சுப் பாக்கட்டும். தாங்கினா இவன் இறங்கட்டும். தாங்கலைன்னா..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேன்டீன்ல டீ சொல்லிடு."

மறுநாள் மத்தியானம் தங்கச்சி வந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சாப்பாட்டு நேரத்தில் அப்படியே எழுந்து வந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, உயிர் இருக்கா, இல்லையா?"

"யாருக்கு?"

"பேட்டுக்குத்தான். உன்னையா கேப்பேன்? நீதான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கியே."

பசை ஒரு கால்காப்பை நகர்த்தி இடம் கொடுத்தான். அவள் உட்காரவில்லை. மேஜையில் கிடந்த மட்டையைப் பார்த்தாள். தொடுவதற்குக் கை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டாள்.

"அவரு என்ன சொல்றாரு?" என்று கேட்டான் பசை.

"என்ன சொல்வாரு? 'ஷெட்டு என்ன எனக்குப் புதுசா'ங்கறாரு. என்னமோ மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போற மாதிரி."

"மாமியார் வீடுன்னா அது நம்ம வீடுடி."

"அதான் சொல்றேன். அங்க போனப்பவும் மூச்சு முட்டுதுன்னுதான் ஓடி வந்தாரு."

அவளுக்கே சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

"ராத்திரி அவரு இருமறப்ப நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்ணே. இருமல் நின்னாத்தான் எனக்கு மூச்சு வரும். இதே மனுஷன் மறுபடி அந்தத் தொட்டிப் பக்கத்துல போய் நின்னா என்னாகும்னு உனக்கு நான் சொல்லணுமா? மீசையண்ணன் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வா. மெத்தையில சாஞ்சு உக்காந்தே தூங்கறாரு. படுக்க முடியல."

"டாக்டர்கிட்ட காட்டி ஒரு சீட்டு வாங்கினா, வேற வேலை கேக்கலாம்ல?"

"கம்பெனி டாக்டர்கிட்டயா? நல்லாச் சொன்னே போ. லேத்துல இருந்தவரு காது சரியாக் கேக்கலைன்னு தெரியாத்தனமாப் போய்ச் சொன்னாரு. அன்ஃபிட்டுன்னு ஒரே வார்த்தை எழுதி வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. இப்ப காதும் கேக்கல, சம்பளமும் இல்ல. மில்லுல உடம்புல எது போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. அவருக்கு அது நல்லாத் தெரியும்."

பசை மட்டையைத் திருப்பி வைத்தான். "பாரும்மா, ஒட்டறதுக்கும் ஒரு அளவு இருக்கு. மரம் விட்டுக் கொடுத்தாத்தான்..."

"மரத்துக்கிட்ட நான் கேக்கல. உங்கிட்ட கேக்கறேன்." அவள் மட்டையைக் காட்டினாள். "இன்னும் ரெண்டு சீஸன் ஓட்டிடுண்ணே. அதுக்குள்ள பொண்ணு படிப்பை முடிச்சு ஒரு வேலைக்குப் போயிடுவா. அப்புறம் பேட்டை மாட்டட்டும், அடுப்புல வைக்கட்டும். உனக்குப் பசைன்னு சும்மாவா பேரு வெச்சாங்க?"

அவள் போன பிறகும் சோப்பு வாசனையும் சூட்டு வாசனையும் அறையில் இருந்தன. பசை கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினான்.

முதலில் கைப்பிடி ரப்பரை உருவினான். அடியில் சுற்றியிருந்த நூலைப் பிரித்தான். தோளில் ஒட்டியிருந்த மெல்லிய உறையை வெந்நீர்த் துணி போட்டு ஊறவைத்து உரித்தான். விரிசல் முழுசாக வெளியே வந்தது. சவர பிளேடு ஒன்றை எடுத்து அதற்குள் மெதுவாக இறக்கினான். நின்றுவிடும் என்று எதிர்பார்த்த இடத்தில் அது நிற்கவில்லை. இன்னும் இறங்கியது. கைப்பிடி ஆப்பு மாதிரி மட்டைக்குள் செருகியிருக்கும் இடம் வரைக்கும் போய், அங்கேதான் தட்டி நின்றது.

பசை பிளேடை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தான். 

தோளோடு நின்ற விரிசல் என்றால் ஒட்டலாம். ஆப்பு வரைக்கும் போனது என்றால் மட்டை முடிந்தது. வேறு யாருடைய மட்டையாக இருந்தாலும் யோசித்திருக்கவே மாட்டான். நேராகக் கொண்டுபோய் ஆணியில் மாட்டியிருப்பான். ஒட்டினாலும் கீழ்ப் பகுதியில் படும் பந்துக்குத் தாங்கும். மேலே, அதே இடத்தில், வேகமான பந்து ஒன்று பட்டால் போதும். கைப்பிடி கையில் நிற்கும். மட்டை தனியாகப் பறக்கும். ஒருமுறை அவன் பார்த்திருக்கிறான். பறந்த மட்டை விக்கெட் கீப்பரின் கழுத்தெலும்பை உடைத்தது. பந்து மட்டையை உடைத்துக்கொண்டு ஆட்டக்காரனின் தாடையில் இறங்கியது.

மாட்டினால் ஷெட். ஒட்டினால் இது.

மட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அதன் முகத்தைக் கவனித்தான். மட்டைமேல் பந்தின் சிவப்புத் தழும்புகள் இருக்கும். எந்த ஆட்டக்காரன் எப்படி ஆடுகிறான் என்று பசை அதைப் பார்த்தே சொல்லிவிடுவான். கட்டையின் பழைய மட்டைகளில் தழும்பெல்லாம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள், நடுவில் குவிந்திருக்கும். இதில் நடு மட்டை கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. தழும்பெல்லாம் ஓரத்தில். தோளில். நுனியில். பின்பக்கத்தில்கூட ஒன்று.

பசை கைப்பிடியைப் பிடித்து முறுக்கிப் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் கைக்குத் தெரிகிற அளவு, அது உள்ளே ஆடியது.

"அட!" என்றான் தனக்குத்தானே.

இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. விரிசல் நேற்று வந்தது இல்லை. சீஸன் தொடக்கத்திலேயே உள்ளே விட்டிருக்கிறது. கைப்பிடி தளர்ந்துபோய், பந்து வரும் நேரத்தில் மட்டை கையில் திரும்பியிருக்கிறது. நேராகக் கொண்டுபோனாலும் ஓரத்தில் பட்டிருக்கிறது. அதனால்தான் மாப்பிள்ளை வருவதும் போவதுமாக இருந்திருக்கிறான். ஊரே அவனுக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தபோது, குற்றவாளி இந்த மரம். ஆள் இல்லை.

கைப்பிடியை இறுக்கிவிட்டால் பந்து நடுவில் படும். நடுவில் பட்டால் தோளுக்கு வேலையே இல்லை. பிறகென்ன?

பசைக்குக் கை பரபரத்தது. பசையைச் சூடு பண்ணி, தண்ணீர் மாதிரி இளக்கி, நூலைத் தோய்த்து விரிசலுக்குள் முன்னும் பின்னும் இழுத்தான். இரும்புப் பிடியில் வைத்து நெருக்கினான். பிதுங்கி வந்ததைத் துடைத்தான். காய்ந்தபின் குறுக்கே துளை போட்டு மரமுளை அடித்தான். மெழுகு தேய்த்த நூலை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் சுற்றிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

கட்டை. ஸ்டோரிலிருந்து நேராக வந்திருந்தான். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான்.

"வா மாப்ளே. உக்காரு. சாப்பிட்டியா?"

"ஆச்சு." கட்டை உட்கார்ந்தான். "எதுக்கு மச்சான் இவ்வளவு மெனக்கெடறே? மாட்டிடுன்னு அன்னைக்கே சொன்னேன்ல."

"உன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லு அதை. இஸ்திரிப் பெட்டியாலயே உன் முதுகைத் தேச்சு விடுவா."

"அவகிட்ட பேசிக்கறேன். ஷெட்டுல நின்ன இடத்துலயே நிக்கற வேலைதானே. பழகின இடம்."

"பைத்தியம் மாதிரி பேசாதே. இங்க பாரு." பசை மட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். "நடுவுல ஒரு தழும்பு இருக்கா? இருக்கான்னு பாரு. எல்லாம் ஓரம். ஏன்? உள்ள கைப்பிடி லூஸு. நீ நேராத்தான் ஆடியிருக்கே, பேட் திரும்பிக்கிட்டிருக்கு. இவ்வளவு நாளா உன் தப்புன்னு நினைச்சுக்கிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தியே!"

கட்டை மட்டையைக் கையில் வாங்கினான். கண்ணால் பார்ப்பதற்குப் பதிலாகக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினான். 

"பேட்தான்னா சொல்றே?"

"பேட்தான்யா! என் கை மேல சத்தியமாச் சொல்றேன்."

"வேற எதுவும் இருக்காதா?"

"வேற என்ன இருக்கும்? உன்னை நான் இன்னைக்கா பாக்கறேன்? உன் ஆட்டம் எங்கயும் போகல."

கட்டை மெல்லத் தலையை ஆட்டினான். வாயை மூடிக்கொண்டு அவன் சிரிக்கும் சிரிப்பு லேசாக வந்து போயிற்று. எழுந்து கதவுப் பக்கம் போனவன் திரும்பினான்.

"பேட்தான்னா நல்லதுதான்" என்றான்.

வெள்ளிக்கிழமை நெட்டில் கூட்டம் அதிகம். ஃபைனல் துறைமுக அணியோடு. அவர்களுடைய வேகப் பந்துவீச்சாளனுக்கு எஞ்சின் என்று பெயர். அரையிறுதியில் அவன் போட்ட பந்து ஒன்றில் எதிரணி ஓப்பனர் தாடை உடைந்து, இன்னும் கம்பி கட்டிய வாயோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சுதான் எல்லோர் வாயிலும்.

கட்டை வரவில்லை. ஸ்டோரில் சரக்கு இறங்குகிறதாம். இந்த சீஸனில் அவன் நெட்டுக்கு வந்ததே குறைவு. வந்தாலும் கேட்ச் பிடிக்கிற பயிற்சிக்கு நிற்காமல் ஓரமாக ஓடிவிட்டுப் போவான்.

கேப்டன் மட்டையை வாங்கி எடை பார்த்தான். பின்பக்கத்தை, நூல் சுற்றை, மேலே புதிதாக ஒட்டிய உறையை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இளைஞன், கணக்குப் பிரிவில் இருப்பவன்.

"பசையண்ணே, இது பேட்டா, கல்யாணப் பொண்ணா? இவ்வளவு அலங்காரம்!"

"அடிச்சுப் பாருங்க தம்பி. அப்புறம் பேசுங்க."

முதல் பந்து. டொக். வலைக்குப் பின்னால் நின்ற பசை கண்ணை மூடிக் கேட்டான். சுத்தமான சத்தம். இரண்டாவது, மூன்றாவது. டொக், டொக். கேப்டன் ஓங்கி ஒன்று விட்டான்; பந்து வலையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"நல்லா இருக்கு சார்!" என்று செக்ரட்டரியைப் பார்த்துக் கத்தினான்.

செக்ரட்டரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "குத்திப் போடச் சொல்லு. தோள்லதானே விரிசல்? தோள்ல ஒண்ணு படட்டும்."

 பௌலர் நீளமாக ஓடி வந்து பந்தைத் தரையில் குத்தினான். அது மார்புக்கு மேல் எகிறியது. கேப்டன் முதுகை வளைத்து அதை விட்டான். அடுத்ததும் அப்படியே. தலைக்கு வந்தது, குனிந்துகொண்டான்.

"ஆடுய்யா!"

"மேல வர்றதை எவன் சார் ஆடுவான்? ஃபைனலுக்கு எனக்கு மூக்கு வேணும்." கேப்டன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். "அதுவும் கட்டையண்ணன் இந்தப் பந்தையெல்லாம் விட்டே பேர் வாங்கினவரு. தோளு அவருக்குத் தேவையே இல்ல."

செக்ரட்டரி பசையைக் கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேராகப் பார்த்தார்.

"விரிசல் எதுவரைக்கும் போயிருந்துச்சு? உண்மையைச் சொல்லு. ஞாயித்துக்கிழமை நடு கிரவுண்டுல உடைஞ்சு யார் மண்டையாவது போனா, பதில் சொல்ல வேண்டியது நான்."

இந்த ஒரு இடத்தில் உண்மையைச் சொன்னால் இன்று சாயங்காலமே டீ, பிஸ்கட். பசை தன் விரல்களைப் பார்த்தான். காய்ந்த பசை நகக்கண்ணில் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. தங்கச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பது நினைவுக்கு வந்தது.

"தோளோட நின்னுடுச்சு சார்" என்றான். "உள்ள ஒண்ணும் இல்ல."

"நிச்சயமா?"

"என் பொறுப்பு சார்."

செக்ரட்டரிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கட்டையின் இடத்துக்கு அவர் மனதில் வேறு ஓர் இளைஞன் இருந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். "சரி, ஓப்பனிங் அவனே இறங்கட்டும். கடைசியா ஒரு வாய்ப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு பசை தங்கச்சி வீட்டுக்குப் போனான். குவார்ட்டர்ஸ் மூன்றாவது மாடி. இரண்டு அறை. படி ஏறும்போதே அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்திருந்தது.

"எங்கண்ணன்னா எங்கண்ணன்தான்!" என்றாள். கண் கலங்கியிருந்தது. "இன்னைக்கு மத்தியானம்தான் ஒரு வாய் ஒழுங்கா சாப்பிட்டேன். உக்காரு, டீ போடறேன். இல்ல, இந்த டீ அந்த டீ இல்ல. பயப்படாதே."

"உன் வாயை முதல்ல ஒட்டணும்டி" என்றான் பசை.

அவள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தத்தோடு ஏதோ பாட்டை முனகுவதும் கேட்டது. எத்தனை காலம் ஆயிற்று அவள் பாடிக் கேட்டு!

கட்டை ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பிள்ளைகள் ரப்பர் பந்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பசை துணியைப் பிரித்து மட்டையை அவன் மடியில் வைத்தான்.

"பிடிச்சுப் பாரு. கல்லு மாதிரி இருக்கு. திரும்பாது."

கட்டை கைப்பிடியைப் பிடித்தான். இறுக்கினான். முறுக்கிப் பார்த்தான். "ஆடல" என்றான்.

"ஆடாது. ஆடினா என் பேரை மாத்திக்கறேன்."

"நல்லா பண்ணியிருக்கே மச்சான்." குரலில் ஒன்றும் இல்லை. "நான்தான் இறங்கறேன்னு சொல்லிட்டாங்களா?"

"முதல் பந்தே நீதான். எஞ்சின் போடுவான்."

கட்டைக்கு இரும வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். உள்ளே பாட்டு ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

பசை சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டான். இதைச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான்.

"மாப்ளே, ஒரு விஷயம். அவளுக்குத் தெரிய வேண்டாம், செக்ரட்டரிக்கும் தெரியாது. விரிசல் தோளோட நிக்கல. உள்ள ஆப்பு வரைக்கும் போயிருக்கு. நான் மறைச்சுட்டேன்."

கட்டை நிமிர்ந்தான்.

"பதறாதே. கீழ எவ்வளவு வேகமா வந்தாலும் தாங்கும். நடு மட்டையில நீ நாள் பூரா கட்டை போடலாம். தோள்ல மட்டும் பட விட்டுடாதே. பட்டா மட்டை கழண்டு போயிடும், பந்து நேரா உன் முகத்துக்குத்தான் வரும். எஞ்சின் நாலு குத்து குத்துவான். ஒண்ணையும் ஆடாதே. கடைசி வரைக்கும் பந்தைப் பாத்துக்கிட்டே இரு, பாத்து விலகிடு. உனக்கு இதெல்லாம் நான் சொல்லித் தரணுமா என்ன? இந்த ஊர்லயே உன்னை மாதிரி பந்தைப் பாத்து விடறவன் கிடையாது. அதை நம்பித்தான்யா இந்தப் பொய்யையே சொன்னேன்."

கட்டை எழுந்து போய், சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே திரும்பி வந்தான். மட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"பந்து அவன் கையை விட்டு வர்றது வரைக்கும் தெரியுது மச்சான். அதுக்கப்புறம் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேக்குது."